சோத்துக்கை மிட்

வளைகுடாவின் அல் கூஸில் சரக்குப் பெட்டிகளைக் கையாளும் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் கிடங்கில், தேவகோட்டைச் சோலையப்பனுக்கு மட்டும் ஏணி தேவைப்பட்டதில்லை. மற்றவர்கள் ஏணியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் குதிகாலைச் சற்று உயர்த்தி மேல்தட்டுப் பெட்டியை இறக்கிவிடுவார். இந்த உயரம் அவருடைய சம்பளத்தில் எதையும் கூட்டவில்லை. வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளும் வழக்கத்தை மட்டுமே கொடுத்திருந்தது. 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அதற்கு முதன்முறையாக ஒரு பயன் கிடைத்தது. கம்பெனியின் பேஸ்பால் அணியில் அவர் சேர்க்கப்பட்டார்.

சேர்க்கப்பட்ட விதம் பற்றி இரண்டு கூற்றுகள் உண்டு. மேனேஜர் ஒகாடா கிடங்கைச் சுற்றி வந்தபோது, மேலிருந்து யாரோ தவறவிட்ட பார்சல் டேப் உருளையைச் சோலையப்பன் அண்ணாந்துகூடப் பார்க்காமல் ஒற்றைக் கையால் பிடித்தார், மேனேஜர் அசந்துபோனார் என்பது சோலையப்பனின் கூற்று. கணக்குப் பிரிவு வெங்கட்ராமனின் கூற்று வேறு. அணிக்கு ஒன்பது பேர் வேண்டும். ஜப்பானியர்கள் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். "ஃபர்ஸ்ட் பேஸ்ல நட்டு வைக்க ஒரு கம்பம் தேவைப்பட்டது. கிடைச்ச கம்பத்தை எடுத்துக்கிட்டார்" என்று அவர் விளக்குவார். வெங்கட்ராமன் அணியின் ஸ்கோர் எழுதுபவர். விதிப்புத்தகத்தை வரிவரியாக அறிந்தவர். ஆடவும் ஆசை உண்டு. ஆனால் அவரை எங்கே நிறுத்தினாலும் பந்துகள் பெரும்பாலும் அவர் தலைக்கு மேலேயே சென்றன.

முதல் பேஸ்காரரின் வேலை விளங்கிக்கொள்ள எளிதானது. பந்தை அடித்தவன், தரையில் பதித்திருக்கும் திண்டான முதல் பேஸை நோக்கி ஓடிவருவான். மற்றவர்கள் பந்தைப் பொறுக்கி முதல் பேஸ்காரரிடம் எறிவார்கள். ஓடுகிறவன் வந்து சேர்வதற்குள் அவர் ஒரு காலை பேஸில் ஊன்றிக்கொண்டு பந்தைப் பிடித்துவிட்டால் வந்தவன் அவுட். இதை மனைவி சரசுவிடம் போனில் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"எல்லாரும் ஓடுறாக, நீங்க மட்டும் நின்ன எடத்துலயே நிப்பீகளா?"

"ஆமா. அதான் என் வேலை."

"அதுக்கா ஆளு வச்சிருக்காக?"

"முதல் பேஸு, சரசு. முதல்!"

'முதல்' என்ற சொல் மட்டும் தேவகோட்டையில் தெரு முழுக்கப் பரவியது.

உண்மையில் சோலையப்பனை ஈர்த்தது ஆட்டம் அல்ல; வெள்ளிக்கிழமை. தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை என்றால் துணி துவைக்க ஒரு வரிசை, போனுக்கு ஒரு வரிசை, அதற்கப்புறம் அறையில் இருக்கும் ஒரே டிவிக்கு எட்டுப் பேர் நடத்தும் வழக்கு. அணியில் இருப்பவர்களுக்கோ விடியற்காலையில் வேன் வரும். தண்ணீர் தெளித்து வளர்த்த பச்சைப் புல்லில், தனக்கென்று ஒதுக்கப்பட்ட ஓரிடத்தில், யாரும் 'ஜல்தி, ஜல்தி' என்று விரட்டாமல் அரை நாள் நிற்கலாம். மதியம் ஜப்பானியர்கள் தரும் குளிர்ந்த சோற்று உருண்டையில் சுற்றியிருக்கும் கருப்புத் தாளை உரித்துப் போட்டுவிட்டால் அதுவும் சாப்பிடக்கூடியதே. அந்தத் தாளும் சாப்பிடுவதற்குத்தான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இத்தனை சுகத்துக்கும் ஒரு தடை இருந்தது. சோலையப்பன் பந்துகளைத் தவறவிட்டார்.

முதல் பேஸ்காரர் போடும் தோல் உறைக்கு மிட் என்று பெயர். அதில் விரல்கள் தனித்தனியாக இருக்காது; முறத்தை வளைத்துக் கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு வீடு கட்டியது போல இருக்கும். அணியிடம் இருந்த பழைய மிட்டை எல்லோரையும் போல இடக்கையில் மாட்டிக்கொண்டு நிற்பார். பந்து வரும். மிட் அசையாது. கடைசி நொடியில் வெறும் வலக்கை முன்னால் பாய்ந்து பந்தைப் பறிக்கப் பார்க்கும். பந்து பாதி தடவை கீழே விழும், பாதி தடவை விரலைப் பதம் பார்க்கும்.

காரணம் அவருக்குத் தெரியும், சொல்லத்தான் கூச்சம். ஒருவர் ஒன்றைக் கொடுத்தால் சோத்துக்கையை நீட்டி வாங்க வேண்டும். பீச்சாங்கையை நீட்டினால் கொடுத்தவரை அவமதித்ததாகும். பந்தை எறிவதோ மேனேஜரும் அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அதிகாரிகளும். அறிவு இடக்கையை நீட்டச் சொன்னாலும் உடம்பு கேட்கவில்லை. ஜப்பானியர்கள் எல்லோரும் இடக்கையில் மாட்டிக்கொள்வதைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: கையால் தொடாமல் குச்சியால் சாப்பிடுகிறவர்களுக்கு எந்தக் கையாயிருந்தால் என்ன?

ஒகாடா வேறு முடிவுக்கு வந்தார். குற்றம் பழைய மிட்டில் இருக்கிறது. அது துவண்டு போய்விட்டது. விடுமுறைக்கு ஜப்பான் கிளம்புமுன் சோலையப்பனை அழைத்தார். அவருடைய நாக்கில் 'ல' வராது. சோலையப்பன் அவருக்குச் சோரை-சான்; 'சான்' என்பது ஜப்பானிய மரியாதை.

"சோரை-சான், நியூ மிட் வாங்கு. கம்பெனி கணக்கு. குட் ரெதர். ஹார்ட் ரெதர். டெய்ரி கேட்ச், டெய்ரி கேட்ச். ஆயிர், ரிட்டர். நான் வரும்போது மிட் ரெடி, யூ ஃபர்ஸ்ட் பேஸ். மிட் நாட் ரெடி..." என்று நிறுத்தி, பக்கத்தில் ஸ்கோர் நோட்டுடன் நின்ற வெங்கட்ராமனைப் பார்த்தார். வெங்கட்ராமன் குதிகாலைச் சற்று உயர்த்திக்கொண்டார்.

தேரா கடைவீதியில் கம்பெனிக்குக் கணக்கு உள்ள விளையாட்டுச் சாமான் கடைக்குச் சோலையப்பனுடன், அவருக்காக இங்கிலீஷ் பேச, கிடங்கின் ஸ்டோர்கீப்பர் ரஜிதன் போனார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் முகர்ந்தும் அழுத்தியும் பார்க்காமல் ரசீதில் கையெழுத்துப் போடாதவர். கடையில் கிரிக்கெட் மட்டைகள் ஒரு காடு போல நின்றன. மூலையில் மூன்றே மூன்று மிட்டுகள்.

முதலாவது பளபளப்பாக இருந்தது. ரஜிதன் மூக்கருகே கொண்டுபோனார். "உது தோலில்லை அண்ணை, ரெக்சின். பஸ் சீட் மாதிரி மணக்குது."

இரண்டாவது தோல்தான், கட்டைவிரலால் அழுத்தியதும் மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. ஆனால் கையை மூடியவுடனே துவண்டது. இப்போதே இப்படி என்றால் ஒரு மாதத்தில் இது கந்தல் என்று சோலையப்பன் நினைத்தார். மூன்றாவது மூடவே மறுத்தது. தையல் நெருக்கமாக இருந்தது. கோர்த்திருந்த வாரும் தோல்தான். பலகைக்குக் கைப்பிடி வைத்தது போன்ற அந்தப் பிடிவாதம் சோலையப்பனுக்குப் பிடித்திருந்தது.

"இதுதான் தம்பி. நம்ம சொன்னாக் கேக்காது. பழக்கிட்டா வேற எவன் சொன்னாலும் கேக்காது."

கடைக்காரர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். அவர் ரஜிதனிடம் ஒரு கேள்வி கேட்டார். ரஜிதன் அதை அப்படியே தமிழாக்கினார்.

"பந்தை எந்தக் கையாலை பிடிக்கிறனீங்கள் எண்டு கேக்கிறார்."

சோலையப்பனின் முகம் மலர்ந்தது. கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வலக்கையைத் தூக்கிக் காட்டினார். "சோத்துக்கை!"

"ஓ, லெஃப்டி!" என்று மகிழ்ந்த கடைக்காரர் உள்ளே போனார்.

ரஜிதனுக்கு நெருடியது. "என்ன, வலக்கையைக் காட்டினால் லெஃப்ட் எண்டுறான்?"

"அவன் நமக்கு எதிர்த்தாப்புல நிக்கிறான்ல தம்பி? அவனுக்கு அது லெஃப்டாத்தான் தெரியும்."

ரஜிதன் யோசித்துப் பார்த்தார். கணக்கு சரியாகவே பட்டது. கடைக்காரர் தூசி படிந்த ஒரு பெட்டியுடன் வந்தார். அதே மூன்றாவது வகை, அதே பிடிவாதம், ஆனால் வலக்கைக்கு. சோலையப்பன் மாட்டிப் பார்த்தார். கை உள்ளே போய்த் தன் வீட்டில் உட்கார்ந்தது.

பேஸ்பால் தெரிந்த யாராவது அங்கே இருந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார்கள்: வலக்கையில் மிட் மாட்டுகிறவன் இடக்கையால் எறிய வேண்டும், அது இடக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. தெரிந்தவர் ஒகாடா, அவர் ஜப்பானில் இருந்தார்; அவர் திரும்பும்வரை அணி கூடுவதும் இல்லை. வெங்கட்ராமனும் அறிவார், அவர் கிடங்குப் பக்கமே வருவதில்லை.

பழக்கும் வேலை கேம்ப் அறையில் தொடங்கியது. கம்பெனி வேன் ஓட்டும் கீழக்கரை மூசா அதற்குத் தானே தலைமை ஏற்றுக்கொண்டார்.

"அண்ணே, வண்டிய ஒரு தடவ மேல ஏத்தி இறக்குவமா? பஞ்சு மாதிரி ஆயிரும்."

"ஏண்டா, இது என்ன எலுமிச்சம்பழமா?"

"அப்ப எண்ணெய். மேனேஜர் என்ன சொன்னாரு?"

"ஆயில், ரிட்டர்னாரு."

மூசா சற்று யோசித்தார். "அவருக்கு லானா வராதுல? லிட்டர்னு சொல்லிருக்காரு."

எந்த எண்ணெய் என்பதில் அறை இரண்டாகப் பிரிந்தது. தேங்காய் எண்ணெய் என்றது ஒரு கட்சி. சரசு போனில் தந்த ஆலோசனையே கடைசியில் வென்றது: புதுச் செருப்பு கடித்தால் விளக்கெண்ணெய்தான் தடவுவார்கள். மூசா பாட்டிலைக் கவிழ்த்தார். பாதி காலியாகும்போது ரஜிதன் வந்து சேர்ந்தார்.

"ஐயோ, என்ன செய்யிறியள்? லிட்டில் எண்டிருப்பார் அந்தாள்! ஒரு லிட்டர் ஊத்தினால் அது மிட் இல்லை, ஊறுகாய்!"

ஊறிய எண்ணெயை இழுக்கத் துணியால் துடைத்தார்கள், போதவில்லை. ஆவியில் வைத்தால் கக்கிவிடும் என்று மூசா அதை இட்லிப் பானையின் மேல் தட்டில் வைத்து மூடினார். தோல் கொஞ்சம் இளகியது என்பது உண்மை. மறுநாள் காலை உணவின்போது மூசா இட்லியைப் பிட்டு வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார்.

"இட்லி செருப்பு மாதிரி இருக்குன்னு இத்தன வருஷமாச் சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லிருக்கோம்ணே. இன்னைக்குத்தான் நெசமாவே இருக்கு."

அறை மிட்டுக்கு அடுப்படியில் தடை விதித்தது. அதன்பின் சோலையப்பன் பந்தை உள்ளே வைத்துக் கயிற்றால் கட்டி மெத்தைக்கு அடியில் போட்டுப் படுத்தார். மிட் படிந்ததோ இல்லையோ, அவருடைய முதுகு அதற்கேற்பப் படிந்தது.

கடைசியில் பலித்தது ஒகாடா சொன்ன வழிதான். டியூட்டி முடிந்ததும் கேம்புக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் நிறுத்தி வைத்த பஸ்களுக்கும் இடையில் மூசா எறிவார், சோலையப்பன் பிடிப்பார். மூசா எறிவது நாயை விரட்டுவது போலிருக்கும். எங்கே வரும் என்று நாய்க்கும் தெரியாது. பந்து பட்டால் முதலில் 'டக்' என்று மரத்தில் மோதும் சத்தம் கேட்டது. கட்டைவிரலின் அடியிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் மடிப்பு விழ விழ அது 'தொப்' ஆனது. பிறகு ஒரு நாள், 'பொத்'. அந்தச் சத்தம் வந்தபோது இருவரும் மிட்டைப் பார்த்தார்கள். பள்ளம் பந்தின் அளவுக்கே விழுந்திருந்தது. விளக்கெண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் இருந்ததால் உள்ளே போன பந்தை மிட் லேசில் விட மறுத்தது.

சோலையப்பன் இப்போது எதையும் தவறவிடவில்லை. எறிந்த பந்தை வலக்கை மரியாதையாக நீண்டு வாங்கிக்கொண்டது. பிடித்த பந்தை மூசாவிடம் திருப்பி அனுப்ப அவர் மிட்டைக் கவிழ்த்துத் தட்டி, காலால் உதைத்து உருட்டிவிடுவார். அதில் ஒரு குறை இருப்பதாக இருவருக்குமே தோன்றவில்லை.

ஒகாடா திரும்பி வந்த வாரத்திலேயே ஆட்டம். ஒரு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் அணியுடன் மோதவேண்டியிருந்தது. மைதானத்தில் இறங்கியதும் சோலையப்பன் மிட்டை மேனேஜரிடம் நீட்டினார். ஒகாடா அதை மூடித் திறந்தார். பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினார். முகர்ந்தபோது மட்டும் புருவம் சற்று ஏறியது. "குட். வெரி குட்" என்று இடக்கையை உள்ளே நுழைக்கப் பார்த்தார். கை நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார். வலக்கையை நுழைத்தார், நுழைந்தது. நிமிர்ந்து சோலையப்பனைப் பார்த்தார்.

"சோரை-சான்... ரெஃப்டி?"

சோலையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நோ சார்! ரைட்! சோறு, கையெழுத்து, எல்லாம் ரைட்!"

வெங்கட்ராமன் ஸ்கோர் நோட்டை மூடிவிட்டு வந்தார். பார்த்தார். சிரிப்பை அடக்குவதற்குச் சிறிது நேரம் பிடித்தது.

"சோலையப்பன், இது பீச்சாங்கைக்காரன் போடற மிட்டுய்யா. பிடிக்கறது வலதுன்னா எறியறது இடதுல எறியணும். நீ எறிவியா?"

சோலையப்பனுக்குக் காது சூடேறியது. வெங்கட்ராமன் மேனேஜர் பக்கம் திரும்பி, தான் வேண்டுமானால் முதல் பேஸில் நிற்பதாகவும், இன்று தன் தலைக்கு மேல் பந்து போகாதபடி பார்த்துக்கொள்வதாகவும் பணிவுடன் தெரிவித்தார். வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கேம்பை நோக்கித் திரும்பிப் போவது சோலையப்பனின் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒகாடா ஒரு பந்தை எடுத்துக்கொண்டார். பின்னால் நடந்து போய்த் திரும்பி, முன்னறிவிப்பில்லாமல் பந்தை எறிந்தார். 'பொத்'. தலைக்கு மேல் எறிந்தார். 'பொத்'. புல்லில் குத்தி எழும்படி எறிந்தார். 'பொத்'. ஒகாடாவின் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. முதல் பேஸ்காரர் பெரும்பாலும் பிடிப்பவர். எறிய வேண்டிய சந்தர்ப்பம் அபூர்வம்.

"ஓகே. சோரை-சான், கேட்ச். கராஸ். நோ த்ரோ."

'கலாஸ்' என்றால் 'அவ்வளவுதான், முடிந்தது'; வளைகுடாவில் வாழ்ந்த காலத்தில் ஒகாடா கற்றிருந்த ஒரே அரபுச் சொல் அது. அன்று அது சோலையப்பனுக்கு வரமாக அமைந்தது.

ஆட்டத்தில் சோலையப்பன் மூடிய கேட் போல நின்றார். அமெரிக்கர்கள் அடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வருவார்கள். அவர்களுக்கு முன்பே பந்து வந்து மிட்டில் உட்கார்ந்திருக்கும். வேனின் கூரை மேல் அமர்ந்திருந்த மூசா ஒவ்வொரு 'பொத்'துக்கும் "அப்படிப் போடுண்ணே!" என்று குரல் கொடுத்தார். கடைசிச் சுற்று வந்தபோது ஒகாடாவின் அணி ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது.

மூன்று பேர் அவுட்டானால் சுற்று முடிந்துவிடும்; அமெரிக்கர்களில் ஒருவர் அவுட்டாகிவிட்டிருந்தார். இன்னொருவர் மூன்றாம் பேஸ் வரை வந்து நின்றார். அவர் ஹோமுக்கு, அதாவது அடிப்பவர் நிற்கும் இடத்துக்கு, ஓடி வந்துவிட்டால் ஆட்டம் சமன். அதற்குள் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால் அவர் அவுட். ஹோமைக் காத்து நின்றவர் ஒகாடா.

அடித்தவர் பந்தைத் தரையோடு விரட்டினார். ஒரு ஜப்பானியர் பொறுக்கிச் சோலையப்பனுக்கு எறிந்தார். 'பொத்'. அடித்தவர் அவுட். அதே கணத்தில் மூன்றாம் பேஸில் நின்ற பெரிய உருவம் ஹோமை நோக்கிப் புறப்பட்டது. ஒன்பது திசைகளிலிருந்தும் ஒரே கூச்சல்: "ஹோம்! ஹோம்!" ஒகாடா இரு கைகளையும் விரித்து, "சோரை! த்ரோ! த்ரோ!" என்று கத்தினார்.

பந்து சோத்துக்கையில் இருந்தது. எறிவதற்கு மிச்சமிருந்தது பீச்சாங்கை. எதிரே கையேந்தி நிற்பவரோ மேனேஜர். சோறு போடுகிறவருக்குப் பீச்சாங்கையால் எறிவதா? சோலையப்பனின் இடக்கை எழுந்தது, பாதியில் நின்றது, இடுப்புக்குத் திரும்பிவிட்டது. வலக்கை தயங்கவில்லை. தோளுக்குப் பின்னால் போய், மிட்டோடு சேர்ந்து, முழு வீச்சில் வந்தது. எண்ணெயும் வியர்வையும் வழுக்கிவிட, மிட் கையிலிருந்து கழன்று, பந்தை வயிற்றில் கவ்வியபடியே, ஒரு பெரிய பழுப்பு வௌவாலைப் போல மைதானத்தைக் குறுக்கே கடந்தது.

ஒகாடா அதை மார்போடு அணைத்துப் பிடித்தார். சறுக்கி வந்த அமெரிக்கர் அவர் மீது மோத, மிட் அந்த அமெரிக்கரின் தோளில் பட்டது. இருவரும் புரண்டார்கள். புழுதி அடங்கியபோது ஒகாடாவின் கைகளில் மிட் இருந்தது; மிட்டுக்குள் பந்து அசையாமல் இருந்தது.

நடுவர் ஒரு அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். கையைப் பாதி தூக்கினார், இறக்கினார். இரு அணிகளும் அவரைச் சூழ்ந்துகொண்டன. கடைசியில் அவர் விதிப்புத்தகம் கேட்டார். அது வெங்கட்ராமனிடம் இருந்தது.

வெங்கட்ராமன் பக்கங்களைப் புரட்டினார். அப்படி எறியக்கூடாது என்று ஒரு வரி இருந்தால் போதும். அவுட் இல்லை, வெற்றி கைவிட்டுப் போகும், முதல் பேஸ் அடுத்த வாரம் தனக்கு. முன்னாலிருந்து படித்தார். பின்னாலிருந்து படித்தார். பிறகு, இழவு வீட்டுச் செய்தி சொல்லும் குரலில் நடுவரிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சோலையப்பனுக்காகத் தமிழிலும் சொன்னார்.

"உறையைக் கழற்றிப் பந்து மேல எறியக்கூடாதுன்னுதான் இருக்கு. பந்தை உள்ள வச்சு எறியக்கூடாதுன்னு எங்கயும் இல்லை. இப்படி ஒருத்தன் செய்வான்னு எழுதினவனுக்குத் தோணியிருக்காது."

"அவுட்!" என்றார் நடுவர்.

மூசா வேன் கூரையிலிருந்து குதித்ததில் கூரையில் ஒரு பள்ளம் விழுந்தது. அதுவும் நன்றாகவே படிந்திருந்தது.

ஜப்பானியர்கள் சோலையப்பனைத் தூக்க முயன்று, அவருடைய உயரத்தை உத்தேசித்துக் கைவிட்டார்கள். ஒகாடா முழங்காலைத் தேய்த்தபடி நொண்டி வந்தார். இந்த முழங்காலோடு இனி ஹோமில் குந்தி உட்கார முடியாது என்றார். அது உட்கார்ந்தே ஆடும் இடம். அங்கே உயரம் தேவையில்லை. விதி தெரிந்தவர் இருந்தால் நல்லது. அவருடைய பார்வை வெங்கட்ராமன் மீது நின்றது. வெங்கட்ராமன் விதிப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சோரை-சான், நெக்ஸ்ட் ஃப்ரைடே, சேம் டைம். யூ ஃபர்ஸ்ட் பேஸ். பட், ரெஃப்ட் ஹாண்ட் த்ரோ, பிராக்டிஸ்."

சோலையப்பன் தலையைச் சொறிந்தார். "யாருக்கு சார் எறியணும்?"

ஒகாடா வெங்கட்ராமனைக் காட்டினார்.

சோலையப்பன் வெங்கட்ராமனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். இடக்கையை நீட்டி மடக்கி, தோளைச் சுழற்றி, சொடக்கு எடுத்துக்கொண்டார்.

"அவருக்குன்னா எறியலாம் சார். எத்தனை வேணாலும் எறியலாம்."